சுரண்டிய பிறகு எதைச் சரிபார்ப்பது?

பழைய அமெரிக்க மஸில் கார்களைப் புதுப்பிப்பது பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, எழுதியவர் வேடிக்கைக்காக எழுதியிருப்பாரோ என்று தோன்றியது. இரண்டாம் முறை படித்ததில் அந்த நம்பிக்கையும் போய்விட்டது. அவர் சொல்வது இதுதான். ஒரு பழைய காரை வாங்கியதும் அதன் பூர்வீகத்தைத் துருவிக்கொண்டு நாளைக் கடத்துவது, ஏலக்காரர்களும் பணக்காரச் சேகரிப்பாளர்களும் கிளப்பிவிட்ட மூடநம்பிக்கை. டேஷ்போர்டில் உள்ள எண்ணும் கையில் உள்ள பத்திரமும் ஒத்துப்போனால் போதும். உடனே பிரித்து, சுரண்டி, பெயிண்ட் அடித்து ஓட்ட வேண்டியதுதான். அசலா நகலா என்ற ஆராய்ச்சியை விற்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

விற்கும்போது வைத்துக்கொள்ளலாமாம்! பிணத்தை எரித்துவிட்டுப் பிரேதப் பரிசோதனைக்கு நாள் குறிக்கும் யோசனை இது.

முதலில் அந்த எண் விவகாரத்தைப் பார்ப்போம். நம்மூர் ஆர்.சி. புத்தகத்தை மனதில் வைத்துக்கொண்டு அவர் அமெரிக்கக் காரைப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். நம் ஆர்.சி.யில் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தனித்தனியாக இருக்கும். எஞ்சினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நடக்க வேண்டும். அமெரிக்காவில் டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரத்தில் வாகன அடையாள எண், அதாவது வின் எண், மட்டும்தான் வழக்கம். உள்ளே எந்த எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் பத்திரம் கவலைப்படுவதில்லை. ஆக, எண்ணும் பத்திரமும் ஒத்துப்போனால் பத்திரம் இந்தக் காருக்கு உரியது என்று தெரியும், அவ்வளவுதான். ஆலையிலிருந்து அது என்னவாக வெளியே வந்தது என்பதை வின் எண் சொல்லுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, வருடத்துக்கு வருடம் மாறும். இந்த அரிச்சுவடி தெரியாமல் ஒருவர் மற்றவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்கிறார்.

மஸில் கார் யுகத்தைத் தொடங்கிவைத்ததாகப் பலரும் கொண்டாடும் 1964 பாண்டியாக் ஜி.டி.ஓ.வையே எடுத்துக்கொள்ளலாம். நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை விதி வைத்திருந்தது. பாண்டியாக்கில் ஜான் டிலோரியனும் அவருடைய ஆட்களும் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் லெமான்ஸுக்குள் வைத்தார்கள். தனி மாடலாகக் காட்டினால் விதி குறுக்கே நிற்கும் என்பதால், கூடுதல் வசதிகளில் ஒன்றாக அதை விலைப்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்த வருடம் 32,450 கார்கள் விற்றன. மேலிடத்தின் கண்ணில் மண்ணைத் தூவச் செய்த அந்த ஏற்பாட்டை, அறுபது வருடம் கழித்து வாங்குகிறவர் இன்னும் அனுபவிக்கிறார். 1964, 1965 ஜி.டி.ஓ.வின் வின் எண்ணில் அது ஜி.டி.ஓ. என்பதற்கு ஒரு சுவடும் கிடையாது. பக்கத்து வீட்டு லெமான்ஸுக்கும் அதே முன்னெண்தான். 1966-இல் தனி மாடலான பிறகுதான் 242 என்ற முன்னெண் வந்தது. அதற்கு முந்தைய காருக்கு, பாண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் பாதுகாத்துவரும் ஆலை பில்லின் நகலை வாங்கிப் பார்க்க வேண்டும். நம் கட்டுரையாளரின் முறைப்படி, ஜி.டி.ஓ. பட்டை ஒட்டிய எந்த லெமான்ஸும் தேறிவிடும்.

அதே ஜெனரல் மோட்டார்ஸின் (ஜி.எம்.) செவர்லேயில் இது தலைகீழாக நடந்தது. 1966 முதல் 1968 வரை ஷெவெல் எஸ்.எஸ். 396 தனி வரிசை. வின் எண் 138 என்று தொடங்கும். 1969-இல் எஸ்.எஸ். என்பது கூடுதல் வசதியாக இறக்கப்பட்டது. விளைவு, 1970-இல் 13637 என்று தொடங்கும் கார், காய்கறி வாங்கிவரப் போதுமான 307 கன அங்குல எஞ்சின் கொண்ட மாலிபுவாகவும் இருக்கலாம். 450 குதிரைத்திறன் கொண்ட எல்.எஸ்.6 454 ஆகவும் இருக்கலாம். அந்த எல்.எஸ்.6 எஞ்சினோடு அந்த வருடம் வந்தவை, எல் கமினோவையும் சேர்த்து, 4,475 கார்கள்தான். விண்ட்ஷீல்டு வழியாக எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிறவருக்கு இரண்டும் ஒன்றே.

ஃபோர்டு, கிரைஸ்லர் கார் வாங்குகிறவர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர். அங்கே வின் எண்ணின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். ஃபோர்டின் 1967 முதலான தயாரிப்புத் தரவுகள் கெவின் மார்ட்டியிடம் உரிமத்தோடு இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால், அந்தக் கார் எந்தப் பெயிண்ட், எந்த கியர்பாக்ஸ், எந்த ஆக்சிலோடு ஆலையை விட்டு வந்தது என்று அறிக்கை கிடைக்கும். கிரைஸ்லரின் 1971 பிளிமத் குடாவில் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ இருந்தால் 426 ஹெமி. ‘எச்’ இருந்தால் 340. ஹெமி எஞ்சினோடு அந்த வருடம் வந்த திறந்த கூரைக் குடாக்கள் 11 மட்டுமே. அவற்றில் ஒன்று 2014-இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. ஒரே ஓர் எழுத்தில் அவ்வளவு பணம் தொங்கும்போது அந்த எழுத்தைத் தொட எத்தனை கைகள் துடித்திருக்கும் என்று கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

செவர்லேக்கு இப்படி ஒரு களஞ்சியம் இல்லை. கனடாவில் விற்ற கார்களுக்கு ஜி.எம். கனடா ஆவணம் தருகிறது. அமெரிக்காவில் விற்றவற்றுக்கு காரேதான் சாட்சி. சாட்சியைக் கலைக்காமல் விசாரிக்க வேண்டிய அவசியம் அங்கேதான் மிக அதிகம். பார்த்துப் பார்த்து நம்மவரும் அந்தக் கம்பெனிக் காரையே உதாரணமாக எடுத்திருக்கிறார்.

அவருடைய நண்பர் ஒருவர் புதுப்பித்த 1970 ஷெவெல் எஸ்.எஸ். 454-ஐ அவர் வாயாரப் புகழ்கிறார். சிவப்பு உடம்பு, கறுப்புக் கோடுகள், பானட்டில் திறந்து மூடும் காற்றுக் கதவு, வட்ட மீட்டர்கள், எஸ்.எஸ். முத்திரைகள். இதைப் பார்த்துவிட்டு எவன் நகல் என்பான் என்று சவால் வேறு. நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அவர் அடுக்கிய பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் உதிரிபாகக் கேட்லாக்கில் விலை போட்டு விற்கப்படுகிறது. பானட்டும் முத்திரையும் மீட்டர் பலகையும் அட்டைப்பெட்டியில் வீட்டு வாசலுக்கே வரும். வாங்கி மாட்டக்கூடியதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

எஞ்சினைப் பற்றியும் அவர் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்து மேல்தளத்தைச் சீவி, புத்தம்புதிதாக்கிக் கொண்டுவந்தார்களாம். படித்ததும் பகீரென்றது. செவர்லே பெரிய வி8-இல், காரில் உட்கார்ந்து பார்த்தால் வலப்பக்கத்து சிலிண்டர் வரிசையின் முன்முனையில், சிலிண்டர் ஹெட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் திட்டு உண்டு. அங்கேதான் எஞ்சின் எங்கே, எந்தத் தேதியில் கோக்கப்பட்டது, எந்த வகை என்பதெல்லாம் குத்தப்பட்டிருக்கும். டி என்று தொடங்கினால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா ஆலை, அடுத்து மாதமும் தேதியும், கடைசியில் வகைக்குறி. 1970-இல் சி.ஆர்.வி. என்று முடிந்தால் கையால் கியர் போடும் எல்.எஸ்.6, சி.ஆர்.ஆர். என்றால் ஆட்டோமேட்டிக். பக்கத்திலேயே காரின் வின் எண்ணில் ஒரு பகுதியும் இருக்கும். அந்தத் திட்டும் பிளாக்கின் மேல்தளமும் ஒரே மட்டம். மேல்தளத்தைச் சீவும் கத்தி திட்டையும் சேர்த்தே சீவிவிடும், முன்னதாகவே அதை விட்டுவிடச் சொல்லி எச்சரிக்காவிட்டால்.

அதோடு போவது எழுத்துகள் மட்டுமில்லை. ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தை மட்டப்படுத்திய பெரிய இயந்திரம் முன்பின்னாக நேர்கோட்டில் மெல்லிய கீறல்களை விட்டுச்செல்லும். குத்திய எழுத்துக்கு அடியில் அந்தக் கீறல்கள் ஓடுகின்றனவா என்று பார்த்துத்தான், எழுத்து ஆலையில் விழுந்ததா, பிற்பாடு யாராவது சுத்தியலும் அச்சும் வைத்துக் குத்தினார்களா என்று தேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். சீவிய பிளாக்கில் இரண்டும் இராது. அது அசலான எல்.எஸ்.6 ஆகவே இருந்திருந்தாலும் இனிமேல் நிரூபிக்க வழி குறைந்துபோயிற்று. வார்ப்பு எண்ணைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. 3963512 என்ற வார்ப்பு எண், அதைவிடச் சாதுவான எல்.எஸ்.5-க்கும் உண்டு.

வார்ப்புத் தேதியைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. பிளாக் அச்சில் வார்க்கப்பட்ட நாளும் அதன் உடம்பிலேயே இருக்கும். ஜனவரிக்கு ஏ, பிப்ரவரிக்கு பி என்று மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு தேதி, வருடத்தின் கடைசி இலக்கம். விண்ட்ஷீல்டுக்கு முன்னே பானட்டுக்கு அடியில் உள்ள தகட்டில் கார் கட்டப்பட்ட மாதமும் வாரமும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்த நிபுணரும் வேண்டாம். பிப்ரவரியில் ஆலையை விட்டு வெளியேறிய காருக்குள் ஏப்ரலில் வார்த்த எஞ்சின் இருந்தால், அது பின்னால் வந்து ஏறிய எஞ்சின். அதற்காக விற்றவரைத் திருடன் என்றும் சொல்லிவிட முடியாது. உத்தரவாதக் காலத்தில் வெடித்த எஞ்சினுக்குப் பதிலாக டீலர் மாற்றிக்கொடுத்த பிளாக்குகளில் சி.ஈ. என்று தனி முத்திரை உண்டு. அப்படி ஒரு நியாயமான கதை இருந்தால் அதையும் கண்டுபிடிக்க வேண்டியது, திட்டைச் சீவுவதற்கு முன்புதான்.

அவருடைய ‘பிற்பாடு’ எதையெல்லாம் தின்னும் என்று இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆலையில் கார் நகர நகர, எந்தப் பாகத்தை எதில் மாட்டுவது என்று தொழிலாளர்களுக்குச் சொல்லும் தாள் கூடவே போகும். வேலை முடிந்ததும் அதைத் தூக்கிப்போடாமல் காரிலேயே செருகிவிடுவது அங்கே பலரின் பழக்கம். ஷெவெலில் பெட்ரோல் டாங்குக்கு மேலே, கிரைஸ்லர் கார்களில் பின்சீட்டுச் சுருள்களுக்குள், இன்றைக்கும் அந்தத் தாள் கிடைக்கிறது, எலி கடித்தும் ஈரம் பட்டும். ஜி.எம். ஆவணம் இல்லாத ஷெவெலுக்கு அதைவிடப் பெரிய சொத்து கிடையாது. அவசரக்காரர் டாங்கைக் கழற்றிக் கீழே இறக்கும்போது பொலபொலவென்று உதிர்ந்து குப்பைக் கூடைக்குப் போவதும் அதுவே. சேஸிஸின் மேல் சோதனையாளர் கிரேயானில் கிறுக்கிய குறி, ஆலையில் தெறித்த பெயிண்ட், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஃபயர்வாலில் மறைவாகக் குத்திய வின் பகுதி, ரோஜாப்பூப் போன்ற தலையுள்ள ரிவெட்டில் மாட்டிய டேஷ் தகடு — இவை அனைத்தும் மணல் வீச்சுக்கும் பட்டிக்கும் ரசாயனத் தொட்டிக்கும் முன்னால் மட்டுமே பேசும்.

இதெல்லாம் கற்பனைப் பயம் என்பாரானால் அவருக்கு ‘புல்லிட்’ படத்தின் இரண்டு மஸ்டாங்குகளைக் காட்டுகிறேன். 1968-இல் வந்த அந்தப் படத்துக்கு வார்னர் பிரதர்ஸ் வாங்கிய இரண்டும் அடுத்தடுத்த எண்கள். குதிப்புக் காட்சிகளுக்குப் பயன்பட்ட கார் காணாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் துருப்பிடித்த கூடாக அது கிடந்தது. அதை வாங்கியவரின் திட்டம், இன்னொரு படத்து ‘எலினார்’ மஸ்டாங்கின் நகலாக அதை மாற்றுவது. வேலை முற்றுவதற்குள் யாரோ எண்ணைப் பார்த்தார்கள். மார்ட்டி வந்து உறுதிசெய்தார். நம் கட்டுரையாளரின் அறிவுரைப்படி நடந்திருந்தால், உலகம் தேடிக்கொண்டிருந்த ஒரு கார் அதே மாதிரிக் கார்கள் ஆயிரத்தில் ஒன்றாகப் பளபளத்துக்கொண்டிருக்கும், சொந்தக்காரருக்கும் தெரியாது.

படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மற்றது, 1974 முதல் ஒரே குடும்பத்தில் இருந்தது. அவரே 1977-இல் கடிதம் எழுதிக் கேட்டும் அவர்கள் கொடுக்கவில்லை. 2018-இல் டெட்ராய்ட் கண்காட்சியில் அது வெளியே வந்தபோது பச்சைப் பெயிண்ட் வெளிறி, ஆங்காங்கே துருவோடு இருந்தது. படப்பிடிப்புக்கு கேமரா மாட்ட அடியில் பற்றவைத்த குழாய்கள் அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில் கட்டணங்களோடு 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. யாராவது ஒரு நல்ல டிங்கர், ‘தேவையில்லாத ஒட்டு’ என்று அந்தக் குழாய்களை அறுத்தெறிந்து வழவழப்பாக்கியிருந்தால்? அழகாக இருந்திருக்கும், சந்தேகமில்லை.

கட்டுரையின் மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதிக்கு வருகிறேன். எல்லா எண்ணையும் தகட்டையும் போலியாகச் செய்ய முடியும், ஆகவே சரிபார்ப்பதே வீண் என்கிறார். கள்ள நோட்டு இருப்பதால் நோட்டை எண்ணாமலே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அடுத்து எழுதுவார் போலும். போலிகள் உண்டு. கிரைஸ்லரின் ஃபெண்டர் தகடுகளையும், செவர்லேயின் உத்தரவாத உலோக அட்டையையும் புதிதாக அடித்துக்கொடுக்கிறார்கள். 1969 கமாரோ இசட்-28-ஐ எடுத்தால், 20,302 கார்கள் வந்தும் வின் எண்ணில் குறி இல்லை. ஒஹையோவின் நார்வுட் ஆலையில் 1968 டிசம்பருக்குப் பிறகு கட்டியவற்றின் தகட்டில் மட்டும் எக்ஸ்-33, எக்ஸ்-77 என்ற குறிகள் உதவும். கலிபோர்னியாவின் வேன் நைஸ் ஆலைக் கார்களில் அதுவும் இல்லை. ஆக, அந்தத் தகட்டைப் போலி செய்யத்தானே தோன்றும்! அதனால்தான் தேர்ந்தவர் எந்த ஒன்றையும் தனியே நம்புவதில்லை. தகட்டின் தேதி, பிளாக்கின் வார்ப்புத் தேதி, கோத்த தேதி, ஆக்சிலில் உள்ள தேதி, கண்ணாடியில் உள்ள தேதிக்குறி எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்கிறார். பொய் ஓர் இடத்தில் நன்றாக நடிக்கும். இருபது இடங்களில் ஒரே சுருதியில் நடிக்க அதற்குப் பணமும் பொறுமையும் போதாது. ஆனால் அந்த இருபது இடங்களும் அப்படியே இருந்தால்தானே விசாரணை? போலி செய்கிறவனுக்குப் பிடித்த வாடிக்கையாளர், காரை வாங்கிய வாரமே சுரண்டத் தொடங்குகிறவர்.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது எனக்கு அதிர்ச்சி. வின் தகட்டைக் கழற்றிச் சுத்தமாகப் பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டலாம் என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அந்த எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் ஐந்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம். பழுதுபார்ப்பதற்கு அவசியமானால் விலக்கு உண்டு. ஆனால் சாலையோரத்தில் நிற்கும் மாநிலக் காவலர் அந்த உட்பிரிவை மனப்பாடம் செய்துகொண்டு நிற்பதில்லை. கான்சாஸில் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட்டை 2017-இல் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. யாரோ முந்தைய புதுப்பிப்பில் தகட்டைக் கழற்றி மாட்டியதுதான் காரணம். வாங்கியவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. இருந்தும் காரை நசுக்கும் பேச்சுவரை போனது. பழைய கார்களுக்கு விலக்குத் தரும்படி அந்த மாநிலம் 2022-இல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

திருட்டும் இருக்கிறது. 1969-இல் நியூயார்க்கில் களவுபோன ஒரு கார்வெட், ஸ்வீடனுக்குக் கப்பலேறும் முன் கலிபோர்னியாத் துறைமுகத்தில் எண்ணைச் சோதித்ததில் சிக்கி, 2006-இல் பழைய சொந்தக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. முப்பத்தேழு வருடம் ஆகியும் திருட்டு திருட்டாகவே இருந்தது. நடுவில் யார் எவ்வளவு கொட்டி அழகு பார்த்தார்கள் என்று எவரும் கணக்குக் கேட்கவில்லை.

கடைசியில் தத்துவத்தில் போய் ஒளிகிறார் கட்டுரையாளர். பாகம் பாகமாக மாற்றியபின் எது அசல் என்று யார் சொல்வது என்கிறார். சொல்லியாகிவிட்டது. 1929, 1930 லெமான் பந்தயங்களை வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ பென்ட்லியில் பழைய உலோகம் கொஞ்சமே மிஞ்சியிருந்தது. ஒரு கோடி பவுண்டு விற்பனை தகராறாகி லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அதுவே உண்மையான ஓல்டு நம்பர் ஒன் என்று 1990-இல் தீர்ப்பானது. நீதிபதி ஆன்மாவைத் தேடவில்லை. எந்த மாற்றம் எப்போது யாரால் செய்யப்பட்டது என்ற அறுபடாத வரலாறு அந்தக் காருக்கு இருந்தது, அதைப் பார்த்தார். எதை ஆராய வேண்டாம் என்று நம்மவர் சொல்கிறாரோ, அதுவே அந்த வழக்கில் காரைக் காப்பாற்றியது.

ஓட்டுகிற இன்பம் அசலுக்கும் நகலுக்கும் ஒன்றுதான் என்று அவர் சொல்வதை மட்டும் மறுக்க மாட்டேன். நகல் கட்டுவது பாவமும் இல்லை. 307 மாலிபுவை வாங்கி, 454-ஐ இறக்கி, தரையை அறுத்து ஐந்து கியர் பெட்டி வைத்து, டிஸ்க் பிரேக் போட்டு, மனம்போல ஓட்டலாம். விற்கும்போது நகல் என்று சொல்லி விற்றால் எவருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தச் சுதந்திரமும் சரிபார்த்தவருக்கே உரியது. கையில் இருப்பது அந்த 4,475-இல் ஒன்று இல்லை என்று தெரிந்துகொண்டவர்தான் தரையில் துணிந்து ரம்பத்தை வைக்க முடியும். கட்டுரையாளரின் நண்பர் டாங்கை இறக்கியபோது மேலே தாள் இருந்ததா, சீவுவதற்கு முன் அந்தத் திட்டை யாராவது ஒரு போட்டோவாவது எடுத்தார்களா என்று கட்டுரையில் எங்கேயும் இல்லை. அடுத்த இதழில் அவர் பதில் எழுதுவதாக இருந்தால், தத்துவத்தை விட்டுவிட்டு இந்த இரண்டுக்கும் பதில் எழுதட்டும்.